எழுபது வளைவுகளுக்கு மேலே ஒரு வாக்கு

நாமக்கல்லில் புறப்பட்டு சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் பேருந்து காரவள்ளியில் சமவெளிக்கு விடை கொடுக்கிறது. அங்கிருந்து கொல்லிமலையின் செம்மேடு சேரும்வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. முதல் பத்து வளைவு வரைக்கும் சுற்றுலா வந்தவர்கள் எண்ணிக்கொண்டே வருவார்கள், பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மௌனமாகிவிடுவார்கள். மலைக்காரர்களுக்கு அந்த எண்கள்தான் முகவரி. எந்த வளைவில் மண் சரிந்தது, எந்த வளைவில் லாரி நின்றுபோனது என்று எண்ணை வைத்தே பேசிக்கொள்கிறார்கள்.

எதிரே இறங்கும் சரக்கு வண்டிகளைக் கவனித்தால் கொல்லிமலையின் பொருளாதாரம் பாதி புரிந்துவிடும். கீழே போகிறவை மரவள்ளிக்கிழங்கு மூட்டை, வாழைத்தார், அன்னாசி, பருவத்தில் பலா. மேலே ஏறுகிறவை சிமென்ட், முறுக்குக் கம்பி, மளிகைச் சாமான், சமையல் எரிவாயு உருளை. விளைந்ததைக் கீழே கொண்டுபோகும் வாடகை விற்கும் விலையில் கழிகிறது. வாங்குவதை மேலே கொண்டுவரும் வாடகை வாங்கும் விலையில் ஏறுகிறது. இரண்டு வாடகையும் ஒரே குடும்பத்தின் கையிலிருந்து போகின்றன. டீசல் விலை உயர்ந்தால் நாமக்கல்லில் ஒரு முறை வலிக்கும், கொல்லிமலையில் இரண்டு முறை வலிக்கும்.

இந்த மலை சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டுதான்: ஒன்று ஏற்காடு, மற்றது இது. 2011-ல் தே.மு.தி.க.வின் ஆர்.சாந்தி, 2016-ல் அ.தி.மு.க.வின் சி.சந்திரசேகரன், 2021-ல் தி.மு.க.வின் கே.பொன்னுசாமி என்று மூன்று தேர்தலில் மூன்று கட்சிகளை அனுப்பிப் பார்த்த தொகுதி. பொன்னுசாமி 2025 அக்டோபரில் பதவியில் இருந்தபோதே காலமானார். நாடாளுமன்றத்துக்கு நாமக்கல் தொகுதி. 2024-ல் அங்கே கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் வி.எஸ்.மாதேஸ்வரன் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார்.

வாக்குக் கேட்டு வருகிறவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு ஒரு தூரத்து உதாரணம் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் எந்த வேட்பாளரையும் இன்று மூன்று கேள்விகள் விடாமல் துரத்துகின்றன. குடிவந்தவர்களை என்ன செய்யப்போகிறீர்கள்? தேர்தல் செலவுக்கு யார் பணம் தருகிறார்கள்? வீட்டு வாடகையும் மளிகையும் மருத்துவமும் இப்படி ஏறுகிறதே, என்ன வழி? சென்னையில் பிறந்து 16 வயதில் அமெரிக்கா போன பிரமிளா ஜெயபால், குடியேறிகளின் உரிமைக்காக அமைப்பு கட்டி, சியாட்டில் நகரிலிருந்து 2016-ல் அந்த நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும் அதே ஆண்டு இலினாயிலிருந்து வென்றார். கமலா ஹாரிஸுக்காக மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் அர்ச்சனை நடந்ததை நாடே பார்த்தது. அங்குள்ள தேர்தலை இவ்வளவு அக்கறையாகக் கவனிக்கிற நாம், அதே மூன்று கேள்விகளை நம் மலைகளுக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேட்கிறோமா? கொல்லிமலையில் அந்த மூன்றும் தனித்தனிக் கேள்விகள் அல்ல. வாங்கும் விலையும் விற்கும் விலையும் கட்டுப்படியாகாததால் ஆள் வெளியேறுகிறது, வெளியேறிய ஆளின் வாக்கு வலுவிழக்கிறது, வலுவிழந்த வாக்கைப் பணம் எடைபோடுகிறது.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் இறங்கினால் முதலில் வருவது வாசனை. அன்னாசியும் மலைவாழையும் கலந்த இனிப்பு நெடி, அதற்குள் காப்பிக்கொட்டை காயும் மணம். கடைகளின் வாசலில் முடவாட்டுக்கால் கிழங்கு குவிந்து கிடக்கிறது. பழுப்பு நிற ரோமம் அடர்ந்து, பார்க்க ஆட்டின் கால்போலவே இருக்கும். கத்தியால் ரோமத்தைச் சுரண்டித் தோலைச் சீவினால் உள்ளே வெளிர்பச்சையாகச் சதை. அதைத் துண்டு போட்டு இடித்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்ட சூப்பை டம்ளரில் ஊற்றித் தருகிறார்கள். அந்த மிளகு இந்த மலையின் மிளகு. சில்வர் ஓக் மரங்களில் கொடியேற்றி, நிழலில் காப்பி வைத்து, இடையில் வாழையும் பலாவும் வளர்க்கும் தோட்டங்களில் விளைவது.

அந்த மிளகின் விலையை இந்த மலை தீர்மானிப்பதில்லை. இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998-ல் கையெழுத்தாகி 2000-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியில்லாமல் வரலாம். அந்த வழியாக வியட்நாம் மிளகும் நுழைகிறது என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். விலை சரிந்தபிறகு, 2017 டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தது. டெல்லியில் எழுதப்படும் ஒரு வரி, இந்த மலையின் ஊராட்சிகளான வாழவந்திநாட்டிலும் வளப்பூர்நாட்டிலும் ஒரு குடும்பம் அந்த ஆண்டு வீட்டுக்கு ஓடு மாற்றுமா மாற்றாதா என்பதை முடிவு செய்கிறது. வணிக ஒப்பந்தம் பற்றி ஒரு கருத்துகூட இல்லாமல் நாமக்கல்லில் நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவர் வாக்குக் கேட்க முடிகிறது என்றால், கேட்கிறவரிடம் மட்டும் குறையில்லை. கேட்கப்படுகிறவர்களும் அதை ஒரு கேள்வியாக எழுப்பவில்லை.

மரவள்ளியின் கதை இன்னும் நெருக்கமானது. ஒரு காலத்தில் இந்தச் சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்தன. ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட, ரொக்கம் தரும் மரவள்ளி பரவியது. ரேஷனில் அரிசி கிடைத்தது. சாமையைக் குத்தி உமி நீக்கும் வேலை முழுவதும் பெண்களின் தோளில் இருந்ததால், அதைக் கைவிட்டதில் அவர்களுக்கு ஒரு விடுதலையும் இருந்தது. இதை மறந்துவிட்டு சிறுதானியப் பெருமை பேசுவது நியாயமாகாது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல ஆண்டுகள் வேலை செய்து, உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது அந்தச் சுமையைப் புரிந்துகொண்டதால்தான். இன்றைய நிலையில் மலையில் விளையும் சாமை நகரத்துக் கடைகளின் அலமாரிக்குப் போகிறது. அதை விளைவித்த வீட்டின் அடுப்பில் ரேஷன் அரிசி கொதிக்கிறது. கிழங்கின் விலையோ ஆலை வாசலில் மாவுச்சத்தின் அளவைப் பார்த்து நிர்ணயமாகிறது. விலை இறங்கிய ஆண்டில் கிழங்கைப் பிடுங்கும் கூலியும் வண்டி வாடகையும் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அதை நிலத்திலேயே விட்டுவைக்கிறவர்கள் உண்டு.

அப்போதுதான் வெளியூர்ப் பேருந்து நினைவுக்கு வருகிறது.

கேரளத்தில் மிளகு பறிக்க, கர்நாடகத்தில் காப்பிப் பழம் பறிக்க, சமவெளியில் கோழிப்பண்ணைக்கும் செங்கல் சூளைக்கும் என்று கொல்லிமலையிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள். மேஸ்திரி முன்பணம் தருவார். கணவனும் மனைவியும் போக, பாட்டியிடமோ அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ பிள்ளைகள் தங்குவார்கள். மிளகுக் கொடியில் ஏறத் தெரிந்த கைகள் என்பதால் கேரளத் தோட்டங்களில் இவர்களுக்குத் தேவை இருக்கிறது. தங்கள் மலையில் கற்ற தொழிலை அடுத்தவர் மலையில் கூலிக்குச் செய்கிறார்கள். 1979-ல் இயற்றப்பட்ட மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் பதிவேடு, பயணப்படி, தங்குமிடம் எல்லாம் வேண்டும் என்றது. நாலைந்து பேராக மேஸ்திரியோடு பேருந்து ஏறுகிறவர்கள் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை.

வேலை தேடிப் போவதன் ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு தேதி போதும். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலர் மலையாளிப் பழங்குடியினர். கொல்லிமலையில் வாழ்வதும் அதே சமூகம். ஜவ்வாதுமலையும் சித்தேரியும் கல்வராயனும் ஏற்காடும் பச்சைமலையும் அவர்களுடைய மலைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் சுமார் மூன்றரை லட்சம் பேர், தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடி.

இவர்களே புலம்பெயர்ந்து வந்த கதையைத்தான் தங்கள் தொடக்கமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது வாய்மொழிக் கதை. வரலாறாக அதை நிறுவ முடியாது. ஆனால் மலையின் ஊராட்சிகள் பதினான்கும் இன்றும் ‘நாடு’ என்றே பெயர் தாங்கி நிற்கின்றன. பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்ற மரபுப் பொறுப்புகள் கோயில் காரியத்திலும் குடும்பப் பஞ்சாயத்திலும் இன்னும் பேசப்படுகின்றன.

வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இடம் பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரசியல் சட்டத்தில் ஒரு விசித்திரமான பதில் இருக்கிறது. மலையாளிகளைப் பட்டியல் பழங்குடியாக ஏற்கும் ஆணை, தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் என்று எல்லை போட்டுவிட்டது. நாமக்கல் 1997 ஜனவரி 1 வரை சேலத்தில் இருந்ததால் கொல்லிமலைக்கு அந்த உரிமை உண்டு. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே சமூகத்தவர் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுத் தலைமுறையாகப் போராடுகிறார்கள். ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குப் பிழைக்கப் போனால், அங்கே அந்தத் தகுதியைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. பாஸ்போர்ட் இல்லாமலே எல்லை தாண்டுகிற இந்த மக்களுக்கும் ஒரு குடிவரவுச் சட்டம் இருக்கிறது. எந்த மேடையிலும் அது பேசப்படுவதில்லை.

எதிர்த்திசையில் வருகிறவர்களும் உண்டு. செம்மேடு, சோளக்காடு வட்டாரத்தில் சமவெளிப் பணத்தில் தங்கும் விடுதிகள் எழுந்திருக்கின்றன. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. அதனால் அத்தகைய பகுதிகளின் கிராமசபைகளுக்கு 1996-ன் பெசா சட்டம் தரும் அதிகாரம் கொல்லிமலைக்குக் கிடையாது. மலைக்காரர் கூலிக்கு இறங்குவதும், மலை நிலத்துக்குக் கீழேயிருந்து விலை பேச வருவதும் ஒரே சாலையில் நடக்கின்றன.

இனி வாக்கு. இந்தியாவில் வேலைக்காக இடம்பெயர்ந்தவர் இருந்த இடத்திலிருந்து வாக்களிக்க வழியில்லை. தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியைக் காட்டக் கட்சிகளை அழைத்தது. எதிர்க்கட்சிகள் நம்பவில்லை, பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சம் இடம்பெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர் என்ற தலைப்பில் நீங்கியவை. படிவம் வீடு தேடி வந்த அந்த மாதங்கள்தான் கர்நாடகத்தில் காப்பி பறிக்கும் பருவத்தின் தொடக்கம். பூட்டிய வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போனவரா, பிப்ரவரியில் திரும்பி வருகிறவரா என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டும்.

கொல்லிமலைக்கு வடமேற்கே போதமலை இருக்கிறது. சாலை இல்லாததால் ஒவ்வொரு தேர்தலிலும் அதிகாரிகள் வாக்கு இயந்திரத்தைச் சுமந்துகொண்டு கால்நடையாக ஏறிய மலை அது. ஒரு குடிமகனும் விடுபடக் கூடாது என்று அந்த இயந்திரம் ஏறியது பெருமைதான். நோயாளியை இறக்க அதே மலையில் தொட்டில் கட்ட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சேந்தமங்கலம் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். பெரும்பாலானோர் சமவெளியில் இருக்கிறார்கள். வேட்பாளர் பழங்குடியாக இருக்க வேண்டும். வெற்றியை எழுதுவது கீழே உள்ள வாக்கும் கீழே உள்ள பணமும். ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று 2022 ஜனவரியில் வரம்பு உயர்ந்தது. நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம். சேந்தமங்கலத்தில் அதை வகுத்தால் ஒரு வாக்காளருக்கு 20 ரூபாய்கூட வராது. எழுபது வளைவு ஏறி, பதினான்கு நாடுகளிலும் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஓட்டிய எவருக்கும் உண்மைச் செலவு தெரியும்.

ஓட்டை இருக்கும் இடம் வேறு. வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்கு இல்லை. கட்சி செய்த செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவைத் திறந்துவிட்டது. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 1976-ன் பக்லி தீர்ப்பு செலவு வரம்பை ரத்து செய்து நன்கொடை வரம்பை மட்டும் விட்டுவைத்தது. 2010-ன் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு கம்பெனிகள் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்றது. அங்கே பணம் பெரும்பாலும் விளம்பரமாக வாக்காளரை அடைகிறது. இங்கே அது சில இடங்களில் நோட்டாகவே கைக்கு வருகிறது. பணப் பட்டுவாடா புகாரில் காவிரிக்கு அக்கரையில் இருக்கும் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் 2016-லும், ஆர்.கே.நகரில் 2017-லும், வேலூரில் 2019-லும் தேர்தல் நிறுத்தப்பட்டது. நாட்டில் வேறெந்த மாநிலமும் இப்படி வரிசையாகத் தலைகுனிந்ததில்லை.

மேல்மட்டத்துப் பணத்துக்கும் இந்த மலை தொலைவில் இல்லை. கட்சிகளுக்கு நன்கொடை தரும் தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கொடுத்தவர், பெற்றவர் பட்டியல் வெளியானது. அதிகம் பெற்றது பாரதிய ஜனதா கட்சி. பத்திரங்களை அதிகம் விலைகொடுத்து வாங்கியது கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனம் ப்யூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்க்கு. தி.மு.க. தான் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த நிறுவனத்திடமிருந்து வந்ததென்று தானே தெரிவித்தது. மார்க்சிஸ்ட் கட்சி பத்திர நன்கொடையே பெறாமல் வழக்குப் போட்டது. பட்டியலில் சுமார் 400 கோடியோடு வேதாந்தா இருக்கிறது. கொல்லிமலையில் பாக்சைட் வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோன மால்கோ அந்தக் குழுமத்தின் கம்பெனி. சுரங்கம் 2008-ல் நின்றுபோனது. நன்கொடைக்கும் இந்த மலைக்கும் தொடர்பு உண்டென்று காட்டச் சான்று எதுவும் இல்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஆறு ஆண்டு மறைத்துவைத்த ஏற்பாட்டில், எந்த மலைக்கும் அந்தச் சந்தேகத்தைக் கேட்கும் வாய்ப்பே இருக்கவில்லை. குற்றம் அதில் இருக்கிறது.

செம்மேட்டில் குதிரை மேல் வில்லேந்தி வல்வில் ஓரி நிற்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆடி 17, 18-ல் அரசு விழா எடுக்கும்போது மலை முழுவதும் இங்கே திரண்டு வருகிறது. தேர்தல் காலத்திலும் பிரசார வண்டிகள் இந்தச் சிலையைச் சுற்றித்தான் நிற்கின்றன. அங்கே கேட்பவை பெரும்பாலும் கொடுக்கப்போகும் பொருள்களின் பட்டியல். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயாக 2023 செப்டம்பரில் தொடங்கியது. மலைப்பெண்ணின் கையில் அது பெரிய துணை, ஏளனம் செய்கிறவர்கள் ஒரு மாதம் அந்த அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்கட்டும். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் ஒரு நாள் ஊதியம் 336 ரூபாயாக இருந்தது. மிளகுக்கு நியாய விலை, கிழங்குக்கு அடிப்படை விலை, வெளியூர் போகிறவருக்குப் பதிவேடு, திரும்பி வருகிறவருக்கு வாக்கு என்று யாராவது பேசினால் அது இவற்றோடு சேர்ந்து இன்னும் பெரிய உதவியாகும்.

வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேட்க வேண்டியவை இவை. வென்றவரிடமும் தோற்றவரிடமும் கேட்க இன்னொன்று இருக்கிறது. முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தன் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும். தக்க காரணமில்லாமல் கொடுக்கத் தவறினால் மூன்று ஆண்டு தகுதியிழப்பு. அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், 1961-ன் தேர்தல் நடத்தை விதிகள் அதற்கு வைத்த கட்டணம் ஒரு ரூபாய். கொல்லிமலையில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சேர்ந்து போய் அந்த ஒரு ரூபாயைக் கட்டி, தங்கள் மலையில் ஓடிய பிரசார வண்டிகள் அந்தக் கணக்கில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.